பழைய தாமிரமும் புதிய சூடும்

1977-ல் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஒன்று பான்டியாக் பான்வில். கப்பல் மாதிரி நீளமான வண்டி. அதற்குள் ஹீட்டர் கோர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. இன்ஜினைச் சுற்றிவிட்டு வரும் வெந்நீர் அதன் குழாய்களில் ஓடும். ஒரு ஃபேன் அதன் மேல் காற்றை ஊதும். குளிர்காலத்தில் காருக்குள் இருப்பவர்களுக்குக் கதகதப்பு! சென்னை வெயிலில் இப்படி ஒரு சாமானை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டோம்.

கால் நூற்றாண்டு கழித்து, 2000-களின் தொடக்கத்தில், அதே ஹீட்டர் கோருக்குத் திடீர் மவுசு. அமெரிக்கப் பையன்கள் உதிரி பாகக் கடைகளில் போய், 'எழுபத்தேழாம் வருஷ பான்வில்லுக்கு உள்ளது இருக்கா?' என்று விசாரித்து வாங்கினார்கள். காருக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு!

விஷயம் ரொம்ப எளிது. சூடாகும் சிப்பின் தலையில் ஒரு தாமிரக் கட்டியை உட்கார வைக்க வேண்டும். கட்டிக்குள் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓடவிட வேண்டும். இதுதான் வாட்டர் பிளாக். தண்ணீரை ஓட்ட, மீன் தொட்டி பம்ப். சூட்டை வெளியே தள்ள, காரின் ஹீட்டர் கோர். தண்ணீரை ஏன் தேடிப் போனார்கள் என்றால், ஒரே அளவு காற்றையும் தண்ணீரையும் ஒரு டிகிரி சூடாக்கினால், தண்ணீர் சுமார் 3,500 மடங்கு அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஃபேன் எவ்வளவு கத்தினாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இதெல்லாம் அந்தப் பையன்களின் கண்டுபிடிப்பா என்றால், இல்லை. ஐ.பி.எம். 1960-களிலேயே சிஸ்டம்/360 மாடல் 91 என்ற பிரம்மாண்டமான கம்ப்யூட்டருக்குள் தண்ணீர்க் குழாய் விட்டுவிட்டது. 1980-ல் அறிவித்த 3081-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நூற்றுச் சொச்சம் சிப்புகளை ஒரே பலகையில் அடுக்கி, ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி பிஸ்டனை அழுத்தி, இடைவெளியில் ஹீலியம் வாயுவை நிரப்பி, அதற்கு மேல் தண்ணீர் ஓடும் தகடு. சிப்புகள் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை உயரம் வித்தியாசப்பட்டாலும் ஸ்பிரிங் சமாளித்துக்கொள்ளும். உயர வித்தியாசம் என்ற இந்தச் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

1990-களின் நடுவில் சிமாஸ் என்ற சிக்கனமான சிப் தொழில்நுட்பம் வந்தது. சூடு சட்டென்று குறைந்தது. பெரிய கம்ப்யூட்டர்களிலிருந்து தண்ணீரை வழியனுப்பி வைத்தார்கள். அது போன சில வருடங்களிலேயே வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்ததுதான் தமாஷ்.

வரவழைத்தவர்களில் முக்கியமான ஆள் கிராபிக்ஸ் கார்டு. 1999-ல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது, அதில் டிரான்சிஸ்டர்கள் 2.3 கோடி என்று கம்பெனி சொன்னது. ஒரு குட்டி ஃபேன் போதுமானதாக இருந்தது. 2003-ல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ராவின் ஃபேன் போட்ட சத்தத்தில், என்விடியாக்காரர்களே தங்களைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்தார்கள். 2006 நவம்பரில் ஜீஃபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். வந்தது. டிரான்சிஸ்டர்கள் 68.1 கோடி! குடிக்கும் மின்சாரம் 150 வாட் பக்கம். விலை 599 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 27 ஆயிரம் ரூபாய்.

ஏற்கெனவே தண்ணீர் வைத்திருந்தவர்களுக்கு இங்கேதான் சங்கடம். பம்ப் இருக்கிறது, ரேடியேட்டர் இருக்கிறது, பழைய கார்டிலிருந்து கழற்றிய வாட்டர் பிளாக்கும் இருக்கிறது. தாமிரத்துக்கு வயசாகாது. அதன் வெப்பம் கடத்தும் குணம் 2002-ல் எப்படியோ அப்படியேதான் 2006-லும். பிறகு என்ன தடை?

நாலு ஓட்டை!

சிப்பைச் சுற்றி கார்டில் இருக்கும் திருகு ஓட்டைகளின் இடைவெளி தலைமுறைக்குத் தலைமுறை சில மில்லிமீட்டர் மாறிவிடும். என்விடியாவுக்கு ஒரு கணக்கு, ஏ.டி.ஐ.க்கு இன்னொரு கணக்கு. வாட்டர் பிளாக் செய்கிறவர்களும் இதனால் இரண்டு கட்சி ஆனார்கள். ஒரு கட்சி, கார்டு முழுவதையும் மூடும் பெரிய பிளாக் செய்தது. சிப், மெமரி, மின்சாரம் தரும் பாகங்கள் எல்லாமே அதற்குள் அடக்கம். பிரமாதமாகக் குளிரும். ஆனால் அந்த ஒரு கார்டுக்கு மட்டும்தான். கார்டு பழசானால் பிளாக்கும் பேப்பர்வெயிட். இன்னொரு கட்சி, சிப்பை மட்டும் மூடும் சின்ன பிளாக் செய்தது. ஓட்டை மாறினால் பிடிக்கும் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. நாலு ஓட்டைக்காக நல்ல தாமிரத்தைத் தூக்கிப் போடுவது அநியாயம்.

தகடு கிடைக்காதவர்கள் தாங்களே செய்தார்கள். வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து, அலுமினியத் தகட்டையோ அக்ரிலிக்கையோ வெட்டி, துளை போட்டு, கார்டைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து, ஸ்பிரிங் போட்டு முடுக்கினார்கள். ஒரு திருகை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். மூடி இல்லாத சிப் என்றால் ஒரு பக்க அழுத்தத்தில் சிலிக்கான் மூலை உடைந்துவிடும். உடைந்தால், கார்டு காலி.

உயர வித்தியாசம் என்று சொன்னேனே... 2002-ல் வந்த ரேடியான் 9700 ப்ரோவில் சிப்பைச் சுற்றி ஒரு உலோகச் சட்டம் இருந்தது. சிப்பைக் காப்பாற்றத்தான் வைத்தார்கள். ஆனால் சட்டம் ஒரு துளி உயரமாக இருந்தால், தட்டையான வாட்டர் பிளாக் சட்டத்தின் மேல் உட்காரும், சிப்பைத் தொடாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சிப்பில் பேஸ்ட் தடவி, பிளாக்கை ஒருமுறை முடுக்கிவிட்டுக் கழற்றிப் பார்ப்பது. தாமிரத்தில் சிப்பின் அச்சு முழுசாக விழுந்திருந்தால் சரி. பத்திரப்பதிவு ஆபீஸில் கட்டைவிரல் ரேகை பார்க்கிற மாதிரிதான்!

பழைய பிளாக்கைத் திறந்தால் உள்ளே பாசி, பச்சைக் களிம்பு. நம் பாட்டிகள் செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கியது போல, அவர்கள் வினிகரிலும் தக்காளி கெச்சப்பிலும் ஊறவைத்தார்கள். புளிப்புதான் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. ரேடியேட்டர் அலுமினியமாக இருந்தால் இன்னொரு வில்லங்கம். தாமிரமும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு பாட்டரி. இரண்டு உலோகம் பட்டதும் செத்த தவளையின் கால் துடித்ததை 18-ம் நூற்றாண்டில் இத்தாலியில் கால்வானி பார்த்தாரே, அதே வம்சம். அலுமினியம் மெதுவாக அரித்துப் போகும். பான்வில்லின் ஹீட்டர் கோருக்கு வந்த மவுசுக்கு ஒரு காரணம், அது தாமிரம், பித்தளை ஜாதி.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து ஒழுகல் பார்த்தாகிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டால் சிப்பின் சூடு சரசரவென்று இறங்குகிறது. ஆனந்தம்!

ஆனாலும் கார்டு செத்துப் போகலாம்.

காரணம், கம்பெனி வைத்திருந்த ஃபேன் சிப்புக்கு மட்டும் காற்று வீசவில்லை. பக்கத்திலிருந்த மெமரி சிப்புகளுக்கும், மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் பாகங்களுக்கும் சேர்த்துத்தான் வீசியது. 12 வோல்ட்டாக வருவதை ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கும் வேலை இந்தக் கடைசி கோஷ்டியுடையது. வோல்ட் இறங்கினால் ஆம்பியர் ஏறும். 150 வாட் கார்டில் அது நூறை நெருங்கிவிடும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுப்பது ஐந்தாறு ஆம்பியர்தான். குடும்பத் தலைவரை மட்டும் ஏ.சி. ரூமில் படுக்க வைத்துவிட்டு, சமையல் செய்கிறவர்களின் ஃபேனைப் பிடுங்கியது போல ஆகிவிட்டது! திரையில் தெரிவதோ தலைவரின் உடல்சூடு மட்டும். அனுபவசாலிகள் ஒவ்வொரு மெமரி சிப்பின் மேலும் குட்டிக் குட்டி ஹீட் சிங்க் ஒட்டினார்கள். 8800 ஜி.டி.எக்ஸில் மெமரி மட்டும் பன்னிரண்டு. கூடவே ஒரு ஃபேனையும் அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். தண்ணீர் வந்த வீட்டிலும் ஃபேன் போகவில்லை.

2008-ல் ஐ.பி.எம். தன் பவர் 575 சூப்பர் கம்ப்யூட்டரில், சிப்புகளின் மேல் தாமிரத் தகடு வைத்துத் தண்ணீரை மறுபடி ஓடவிட்டது. சிமாஸும் சூடேறிவிட்டது! 2013-ல் ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்9 290எக்ஸ் வந்தபோது, 95 டிகிரி அதற்குச் சகஜம் என்று கம்பெனியே சொன்னது. அதே வருடக் கடைசியில் என்.இசட்.எக்ஸ்.டி. என்ற கம்பெனி, 'கிராகன் ஜி10' என்று ஒரு தகட்டை விற்க ஆரம்பித்தது. பிராசசருக்காகச் செய்த ரெடிமேட் வாட்டர் கூலரை கிராபிக்ஸ் கார்டில் மாட்டித் தருவதுதான் அதன் வேலை. பையன்கள் வீட்டில் துளை போட்டுச் செய்ததைக் கம்பெனி அட்டைப்பெட்டியில் போட்டு விற்றது. அதில் ஒரு சின்ன ஃபேனும் உண்டு. எதற்கு என்று உங்களுக்கே தெரியும்.

2020-ல் ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3090 வந்தது. 350 வாட். இருபத்துநாலு மெமரி சிப்புகளில் பன்னிரண்டைக் கார்டின் முதுகுப் பக்கம் வைத்துவிட்டார்கள். முன்னால் எந்த பிளாக் மாட்டினாலும் முதுகு கொதித்தது. முதுகுத் தகட்டின் மேலேயே ஹீட் சிங்க்கை ஒட்டி, அதற்கு மேல் ஒரு ஃபேனைப் படுக்க வைத்தார்கள்.