ஆற்றின் மூச்சை அளந்த கதை

1855-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள். லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் மீது நீராவிப் படகொன்று சென்றுகொண்டிருந்தது. அதில் பயணம் செய்த முதியவர் ஒருவர், வெள்ளை அட்டைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்தார். எளிதில் மூழ்கும்படி அவற்றை நனைத்து, படகு நின்ற துறைதோறும் நீரில் போட்டார். நல்ல வெயில் அடித்தது. ஆயினும் ஓர் அங்குலம் இறங்குவதற்குள் அட்டைகள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. செங்குத்தாக விழுந்த துண்டுகளிலோ, மேல்விளிம்பு நீருக்கு வெளியே இருக்கும்போதே கீழ்ப்பகுதி தெரியவில்லை!

அந்த முதியவர் வேறு யாருமல்லர். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேதான் அவர். தாம் கண்டதை அவர் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார். ஆறு அழுக்காக இருக்கிறது என்பது லண்டன்வாசிகள் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அழுக்கு என்று ஓர் அளவைச் சொன்னதே ஃபாரடேயின் சிறப்பு. மூன்றாண்டுகள் கழித்து, 1858-ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பிறகே பெரிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டச் சட்டம் இயற்றப்பட்டது. பாசல்ஜெட் என்ற பொறியியலாளர் கட்டிய அக்கால்வாய்கள் கழிவை நகருக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விட்டன. நாற்றம் இடம் மாறியது. ஆறு முழுதும் தூய்மை அடைந்துவிடவில்லை.

தெளிவு போதுமா?

நீர் தெளிவாக இருந்தால் தூய்மையானது என்று கொள்ளலாமா? கூடாது. புதுவெள்ளம் கலங்கலாக ஓடினாலும் அதில் மீன்கள் வாழ்கின்றன. கண்ணாடிபோல் தெளிந்த நீரில் நஞ்சு கரைந்திருக்கக்கூடும். அப்படியானால் எதை அளப்பது?

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை. அதன் அளவு மிகக் குறைவு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனையே கொள்ளும். ஆற்றில் சாக்கடை கலந்தால் அதிலுள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் தின்று பெருகுகின்றன. அவையும் இந்த ஆக்சிஜனையே பயன்படுத்துகின்றன. பாக்டீரியாக்களுக்கு விருந்து கிடைக்கும்போது மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது.

கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் எளிய முறையை 1888-இல் விங்க்ளர் என்னும் ஹங்கேரிய வேதியியலார் வெளியிட்டார். நீருடன் மாங்கனீசு உப்பையும் காரத்தையும் சேர்த்தால், ஆக்சிஜன் இருப்பதற்கேற்பப் பழுப்பு வீழ்படிவு உண்டாகும். அயோடைடின் முன்னிலையில் அமிலம் ஊற்றினால், அதற்கு ஈடான அயோடின் வெளிப்படும். அந்த அயோடினைத் தரம்பார்த்தால் ஆக்சிஜனின் அளவு தெரிந்துவிடும்.

இரண்டு புட்டிகள்

கழிவுநீரை ஆராய இங்கிலாந்தில் 1898-இல் அரசு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1912-இல் வெளிவந்த அதன் எட்டாவது அறிக்கை புகழ்பெற்றது. அது வகுத்த சோதனை எளிமையானது. ஆற்றுநீரை இரண்டு புட்டிகளில் நிரப்ப வேண்டும். ஒன்றில் ஆக்சிஜனை உடனே அளக்க வேண்டும். மற்றதை மூடி, ஐந்து நாள் வைத்திருந்து அளக்க வேண்டும். பாசி இருந்தால் அது வெளிச்சத்தில் ஆக்சிஜனை உண்டாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே இந்தப் புட்டியை இருட்டில் வைப்பார்கள். இரு அளவுகளின் வேறுபாடே உயிர்வேதிய ஆக்சிஜன் தேவை எனப்படுகிறது.

ஆற்றில் இத்தேவை லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று ஆணையம் கருதியது. கழிவுநீருக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதித்தது. இது எப்படிப் பொருந்தும்? ஆற்றின் தேவை 2 என்று கொள்வோம். ஒரு பங்கு கழிவுநீருடன் எட்டுப் பங்கு ஆற்றுநீர் கலந்தால், மொத்தம் 20 + 16 = 36. அதை ஒன்பதால் வகுத்தால் 4! பள்ளி மாணவரும் போடக்கூடிய இந்தக் கணக்கு உலகெங்கும் கழிவுநீர் விதிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

ஏன் ஐந்து நாள்? இங்கிலாந்தின் ஆறுகளில் நீர் கடலை அடைய அதற்குமேல் ஆகாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வெப்பநிலையும் அந்நாட்டுக் கோடைக்கு ஏற்ப 65 டிகிரி பாரன்ஹீட் என்று வைக்கப்பட்டது. பின்னர் அது 20 டிகிரி செல்சியஸ் ஆனது. நம் நாட்டு ஆறுகளோ வெதுவெதுப்பானவை. வெப்பம் ஏறினால் பாக்டீரியாக்களின் வேலை விரைவுபடும். நீர் கொள்ளும் ஆக்சிஜனோ குறையும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். ஆகவே இந்தியத் தர நிர்ணய முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் சோதனை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தருகின்றன.

மீண்டு வந்த மீன்

1950-களில் லண்டனுக்குக் கீழே பல மைல் நீளத்துக்குத் தேம்ஸில் கோடைக்காலத்தில் ஆக்சிஜன் அறவே இல்லை. ஆக்சிஜன் எங்கே, எவ்வளவு குறைகிறது என்று இடந்தோறும் அளந்து கணக்கிட்டு, சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தி அமைத்தார்கள். 1974-இல் மேற்கு தர்ராக் அனல்மின் நிலையத்தின் நீர்வடிப்பு வலையில் சால்மன் மீனொன்று சிக்கியது. தேம்ஸில் அந்த மீன் பிடிபட்டு ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆகியிருந்தன!

புட்டி சொல்லாதது

ஆயினும் புட்டிச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 1965-இல் ஜப்பானின் அகானோ ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் கைகால் நடுங்கி, பார்வை குன்றித் துன்புற்றது தெரியவந்தது. மேலே இருந்த ஆலையின் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றை உண்டவர்களைத் தாக்கியிருந்தது. பாதரசத்தை ஆக்சிஜன் சோதனை காட்டாது. அதைவிட விந்தை ஒன்று உண்டு. நஞ்சு மிகுந்தால் புட்டியிலுள்ள பாக்டீரியாக்களே மடியும், ஆக்சிஜன் செலவாகாது, நீர் தூயது என்று சோதனை பொய்ச்சான்று கூறும்!

உலோக நஞ்சுகள் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. இன்று எடுத்த நீர் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். வண்டலோ பல ஆண்டுகளின் கழிவைத் தன்னுள் வைத்திருக்கும். பெருவெள்ளம் வந்தால் அதைக் கிளறி மீண்டும் நீரில் கலக்கும். ஆகவேதான் இன்று நீருடன் சேற்றையும் எடுத்து ஆராய்கிறார்கள்.

ஓர் ஆறு தூய்மையானது என்று எங்கேனும் ஓர் எண்ணைப் படித்தால், மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதை அளந்தார்கள்? எந்த வெப்பநிலையில், எத்தனை நாள்? நீரை மட்டும் பார்த்தார்களா, அடியிலுள்ள வண்டலையும் பார்த்தார்களா? விடை தெரிந்த பிறகே அந்த எண்ணை நம்பலாம்.