மதுபான உரிமமும் மனச்சாட்சியும்: கியூபெக்கில் யெகோவாவின் சாட்சிகள் மீதான ஒடுக்குமுறை (1940–1959)

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றிய, ஆயுதம் ஏந்துவதைப் பாவமெனக் கொண்ட மென்னோனைட் கிறித்தவர்கள் 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, படைச்சேவையிலிருந்து விலக்களிப்பதாக அந்நாட்டு அரசு 1873இல் அவர்களுக்கு எழுத்து மூலம் உறுதியளித்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய இளைஞர்கள் மரம் நடுதல், சாலை அமைத்தல் போன்ற மாற்றுச் சேவைக்கு அனுப்பப்பட்டனரே தவிர, அவர்களது சபைகள் தடைசெய்யப்படவில்லை. இத்தகைய உறுதிமொழி எதையும் பெற்றிராத யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவினர் மீது, 1940 ஜூலை 4 அன்று போர்க்கால ஒழுங்குவிதிகளின்கீழ் முழுத் தடை விதிக்கப்பட்டது. அன்று முதல் அந்த அமைப்பில் இருப்பதே குற்றமாயிற்று.

சாட்சிகளின் நிலைப்பாடு மென்னோனைட்டுகளின் அகிம்சையோடு முற்றிலும் ஒத்ததன்று. கடவுளின் அரசுக்கு மட்டுமே தாங்கள் கடமைப்பட்டவர்கள் என்பதால் நாடுகளின் போர்களில் நடுநிலை காப்பதாகவும், கொடிக்கு வணக்கம் செலுத்துவது வழிபாட்டுக்கு நிகர் என்பதால் அதைச் செய்ய முடியாதென்றும் அவர்கள் கூறினர். ஏறத்தாழ இதே மறுப்புக்காகக் கேரளத்தில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் நீதி வழங்கியதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும்.

கனடாவின் தடை 1943 அக்டோபரில் நீக்கப்பட்டது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை கல்வியிலும் அரசியலிலும் மேலோங்கியிருந்த கியூபெக் மாகாணத்தில் அதன்பிறகே ஒடுக்குமுறை கடுமையாயிற்று. 1944இல் இரண்டாம் முறையாக ஆட்சிக்கு வந்த மாகாண முதல்வர் மொரீஸ் டுப்ளெஸ்ஸி, வழக்குத் தொடரும் அதிகாரமுள்ள அட்டர்னி ஜெனரல் பதவியையும் தம்மிடமே வைத்திருந்தார். மதத்தைத் தடைசெய்யும் சட்டம் எதையும் அவரது அரசு இயற்றவில்லை என்பது இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. மாண்ட்ரியால் தெருக்களில் துண்டுப்பிரசுரம் கொடுத்த சாட்சிகள், உரிமமின்றிப் பொருள் விற்றார்கள் என்று நடைபாதை வியாபாரிகளுக்கான மாநகராட்சி விதியின்கீழ் நூற்றுக்கணக்கில் கைதுசெய்யப்பட்டனர். சிறு விதிகள் ஒரு பெரிய அடக்குமுறையின் கருவிகளாயின.

கைதானவர்களுக்குப் பிணை நின்றவர் பிராங்க் ரோன்கரெல்லி. தாமும் ஒரு சாட்சியான அவர், மாண்ட்ரியாலின் கிரெசண்ட் தெருவில் உணவகம் நடத்திவந்தார்; அந்த உணவகத்தின் மதுபான உரிமம் அவர் குடும்பத்தாரிடம் 34 ஆண்டுகள் இருந்து வந்தது. ஏறத்தாழ 380 பேருக்குப் பிணை கொடுத்த அவர், 1946 நவம்பர் 12க்குப் பிறகு அவ்வாறு செய்யவில்லை. அந்த மாதத்தில்தான், கடவுள் மீதும் விடுதலை மீதும் கியூபெக் கொண்டுள்ள வெறுப்பு கனடாவுக்கே அவமானம் என்று கண்டித்த பிரசுரம் மாகாணமெங்கும் பரவியது. அதை வினியோகித்ததில் ரோன்கரெல்லிக்குப் பங்கில்லை. பிணை கொடுப்பவர் உரிமம் பெற்றவர் என்று அறிந்த மதுபான ஆணையத் தலைவர் எதுவார் அர்ஷாம்போ, தொலைபேசியில் டுப்ளெஸ்ஸிக்குத் தெரிவித்தார். இருவரும் ஒரே ஆள்தானா என்பதை உறுதிசெய்யும்படி முதல்வர் கூறினார். உறுதியானதும் உரிமத்தை ரத்துசெய்யப் பணித்தார். டிசம்பர் 4 அன்று மதுபானங்கள் பறிமுதல் செய்யப்பட்டன; இனி எக்காலத்திலும் உரிமம் கிடையாது என்றும் அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் உணவகம் மூடப்பட்டது. பிணை நிற்பது சட்டம் அனுமதிக்கும் செயல். அதற்காக ஒருவரின் பிழைப்பைப் பறித்ததை நிர்வாக நடவடிக்கை என்று அழைக்கவே இயலாது.

மேற்குறித்த பிரசுரத்தை வினியோகித்த விவசாயி எமே பூஷே மீது, அரசுக்கெதிராக மக்களைத் தூண்டுதல் என்னும் அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. வன்முறையைத் தூண்டும் நோக்கமின்றி வெறும் கண்டனம் அக்குற்றமாகாது என்று கூறிக் கனடிய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. காவல்துறைத் தலைவரின் அனுமதியின்றிப் பிரசுரம் வழங்கக் கூடாதென்ற கியூபெக் நகர விதியை எதிர்த்த சோமியூர் வழக்கிலும் (1953) சாட்சிகளே வென்றனர். எனினும் மதச் சுதந்திரம் எந்த அரசின் அதிகாரவரம்புக்குள் வருகிறது என்பதில் நீதிபதிகள் பிளவுபட்டே நின்றனர்.

அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் சாசனம் அன்று கனடாவில் இல்லை. ஆகவே ரோன்கரெல்லியின் வழக்கறிஞர்களான ஏ. எல். ஸ்டைனும், மெக்கில் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரும் கவிஞருமான எஃப். ஆர். ஸ்காட்டும், பிறருக்குத் தீங்கிழைத்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற கியூபெக் உரிமையியல் சட்டத்தின் பொதுவிதியையே நம்ப வேண்டியிருந்தது. விசாரணை நீதிமன்றம் 8,123.53 டாலர் வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. 1959 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஆதரிக்க மூவர் மறுக்க, இழப்பீட்டை 33,123.53 டாலராக உயர்த்தித் தீர்ப்பளித்தது. பொது அலுவலர்மீது வழக்குத் தொடர முன்னறிவிப்பு தேவை என்ற வாதத்தை, டுப்ளெஸ்ஸி தம் பதவியின் பணியைச் செய்யவில்லை என்று கூறிப் பெரும்பான்மையினர் தள்ளினர். எந்தச் சட்டம் ஓர் அதிகாரத்தைத் தருகிறதோ, அதன் நோக்கத்துக்குப் புறம்பாக அவ்வதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று நீதிபதி ஐவன் ராண்ட் வகுத்த கோட்பாடு இன்றளவும் நிர்வாகச் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று.

இதைக் கனடிய நீதியமைப்பின் வெற்றியாகவே பல நூல்கள் பாராட்டுகின்றன. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டுப் பிணை நின்ற ஒரு குடிமகன், முதல்வர் தவறிழைத்தார் என்று நிறுவ 12 ஆண்டுகளுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்ததைக் கணக்கில் கொண்டால், அந்த வெற்றி அமைப்பைக் காட்டிலும் ரோன்கரெல்லிக்கும் அவருடைய இரு வழக்கறிஞர்களுக்குமே உரியது.