திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் வரலாறு: சான்றுகளைத் தேடலும் கையாளலும்

முன்னுரை

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் குறித்து வணிகவியல், பொருளியல், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளில் ஆய்வேடுகள் தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. அவற்றுள் பலவற்றின் தொடக்க இயலில் ஒரே செய்தி ஏறத்தாழ ஒரே சொற்களில் காணப்படுகிறது. 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-சட்டைகளை வாங்கினார்; 1981இல் சி அண்ட் ஏ என்னும் ஐரோப்பியச் சில்லறை வணிக நிறுவனம் வந்தது; இவ்வாறு ஏற்றுமதி தொடங்கியது என்பதே அச்செய்தி. இதற்குக் காட்டப்படும் அடிக்குறிப்பு பெரும்பாலும் மற்றோர் ஆய்வுக் கட்டுரையைச் சுட்டும். அக்கட்டுரை வேறொன்றைச் சுட்டும். பத்துக் கட்டுரைகள் ஒரே இடத்திலிருந்து ஒரு செய்தியை எடுத்திருப்பின், கிடைப்பது ஒரு சான்றேயன்றிப் பத்தன்று.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்கு மேற்பட்டவற்றை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. ஒப்புமை காணும் மென்பொருள் அளப்பது சொற்களையே. சான்றற்ற ஒரு செய்தியைச் சொல் மாற்றி எழுதினால் அது தடையின்றித் தேறிவிடும். கருத்துத் திருட்டைத் தவிர்த்த ஆய்வேடு சான்றுடைய ஆய்வேடாகவும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

‘தொடக்கம்’ என்னும் சிக்கல்

வெரோனா பற்றிய செய்தி பொய் என்பது இங்கு வாதமன்று. அது எதை நிறுவுகிறது என்பதே வினா. திருப்பூர்ச் சரக்கு மும்பை வணிகர்கள் வழியாக வெளிநாடு சென்றபோது, ஏற்றுமதியாளர் என்று பதிவானவர் மும்பை வணிகரே. பின்னிய ஊரின் பெயர் அப்பதிவில் இடம்பெற வேண்டிய தேவை இல்லை. ஆகவே சுங்கப் பதிவில் திருப்பூர் இல்லை என்பதைக் கொண்டு, அவ்வாண்டில் திருப்பூர்த் துணி கடல் கடக்கவில்லை என்று முடிவு கட்ட இயலாது. நேரடி ஏற்றுமதியின் தொடக்கம் வேறு. ஏற்றுமதிக்கான உற்பத்தியின் தொடக்கம் வேறு. மேலும், வாங்க வந்தவரிடமிருந்து தொடங்கும் வரலாறு, அதற்கு முன் பல பத்தாண்டுகளாக உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் பின்னிய ஊரின் திறனை முன்கதையாகச் சுருக்கிவிடுகிறது.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 2004ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்ற பன்னாட்டு ஒதுக்கீட்டு முறையின் ஆவணங்களை நாடலாம். 1978இல் அமைக்கப்பட்ட ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமே அவ்வொதுக்கீட்டை நடைமுறைப்படுத்தியது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் தோன்றியது. ஆகவே அச்சங்கத்தின் பெயரால் 1980களுக்குக் காட்டப்படும் எண்கள், சங்கம் தோன்றிய பின்னர்த் திரட்டப்பட்டவை என்பதை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். ரூபாய் மதிப்பில் தரப்படும் வளர்ச்சியில் 1991ஆம் ஆண்டின் நாணய மதிப்புக் குறைப்பும் கலந்திருக்கிறது. டாலர் மதிப்பையோ சரக்கின் அளவையோ உடன் காட்டாத அட்டவணை வளர்ச்சியை மிகைப்படுத்தும்.

மாவட்ட எல்லையும் கவனத்திற்குரியது. திருப்பூர் மாவட்டம் 2009இல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவானது. தாராபுரம், காங்கேயம் பகுதிகள் ஈரோட்டிலிருந்து வந்தவை; 1979க்கு முன் அவையும் கோயம்புத்தூரைச் சேர்ந்தவையே. பழைய கணக்கெடுப்புகளை வட்ட அளவில் பிரித்துக் கூட்டாமல் ஒப்பிடுதல் கூடாது. தேடுசொல்லும் காலத்திற்கேற்ப மாறும்: பழைய ஆங்கில ஆவணங்களில் இத்தொழில் ‘ஹோசியரி’ என்னும் பெயரிலேயே பெரிதும் இடம்பெறும், ஊர்ப்பெயரும் ஒற்றைப் பகரத்தோடும் இரட்டைப் பகரத்தோடும் எழுதப்பட்டுள்ளது. ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடியவர் ‘ஆவணம் இல்லை’ என்று எழுதுவது பிழை.

வாய்மொழிச் சான்று

எழுத்தாவணம் குறைந்த சிறுதொழில்களுக்கு வாய்மொழியே முதன்மைச் சான்றாகிறது. அதனைக் கையாளும் முறைக்குச் சரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரேடர்னல் கேப்பிடல்’ என்னும் நூல் தக்க எடுத்துக்காட்டு. வேளாண் பின்புலத்திலிருந்து தொழிலாளராக வந்து முதலாளியான கவுண்டர்கள், தம் உயர்வுக்குக் காரணம் ‘உழைப்பு’ என்றனர். சாரி அக்கூற்றை உண்மைக் காரணம் என்று அப்படியே ஏற்கவில்லை. பொய்யென ஒதுக்கவும் இல்லை. அச்சொல் யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது என்று ஆராய்ந்தார். பெண் தொழிலாளரின் உழைப்பு அதே சொல்லால் ஏன் மதிக்கப்படவில்லை என்னும் வினா அங்கிருந்தே எழுகிறது. பத்மினி சுவாமிநாதன், ஜெ. ஜெயரஞ்சன் ஆகியோர் 1994இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழி வெளியிட்ட ஆய்வுத்தாளும், திருப்பூரை ஐரோப்பியத் தொழில் வட்டாரங்களோடு ஒப்பிடலாமா என்பதைத் தலைப்பிலேயே வினாவாக வைத்தது. பின்வந்தோர் இவ்வாய்வுகளை மேற்கோள் காட்டும்போது வினாவை விடுத்து விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது மூலத்திற்கு நியாயம் செய்வதாகாது. பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் நடைபெற்ற வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்கத்தார் கூற்றை மட்டும் கொண்டோ, முதலாளியர் கூற்றை மட்டும் கொண்டோ எழுதுவதும் இத்தகையதே.

நீதிமன்ற ஆவணங்கள்

நொய்யல் மாசுபாடு குறித்த வழக்குகள் மிகுதியான ஆவணங்களை விட்டுச் சென்றுள்ளன. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. ஆயக்கட்டு உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. அது நிறைவேறாத நிலையில் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

ஒரு தீர்ப்பின் உள்ளே மனுதாரர் கூற்று, எதிர்மனுதாரர் மறுப்பு, வல்லுநர் குழு அறிக்கை, நீதிமன்றத்தின் முடிவு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. இழப்பு மதிப்பீட்டையோ பட்டறைகளின் எண்ணிக்கையையோ ‘உயர் நீதிமன்றம் கூறியது’ என்று எடுத்தாள்வதற்கு முன், அப்பத்தியில் பேசுபவர் யார் என்பதை அறிய வேண்டும். சாயப்பட்டறை உரிமையாளர் தரப்பின் வாதமும் தீர்ப்பின் பக்கங்களில்தான் அச்சாகியிருக்கிறது. உழவர் தரப்பின் மதிப்பீடும் அவ்வாறே. பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, கூற்றுக்குரியவரையும் பெயரிட்டு எழுதினால், அடுத்து வருபவர் அதே பக்கத்திற்குச் சென்று சரிபார்க்க இயலும்.