தகட்டின் பின்புறம்

பழைய உருவப்பட அச்சுத் தகடுகளைச் சேகரிப்போர் முகத்தையே நோக்குகின்றனர். மொழியியல் பயின்ற எனக்கோ அடியில் இடவலம் மாற்றிப் பொறித்த எழுத்துகளே முதன்மை. வான் டைக் வரைந்த சமகாலத்தவர் உருவங்களுள் 80ஐ ஆண்ட்வெர்ப்பில் முதலில் வெளியிட்டவர் மார்ட்டின் வான் டென் எண்டன். தகடுகள் கில்லிஸ் ஹெண்ட்ரிக்ஸ் கைக்கு வந்ததும் அம்முகவரி அழிக்கப்பட்டு, புதியவரின் பெயர் முதலெழுத்துகள் ஏறின. 1645இல் தொகுப்பு 100 ஆயிற்று. அதன் முகப்புத் தகட்டில் வான் டைக் செதுக்கியது தம் தலையை மட்டுமே. பீடமும் பிறவும், 1641இல் அவர் மறைந்தபின் யாக்கோப் நேஃப்ஸ் சேர்த்தவை.

செம்பில் எழுத்தைச் சுரண்டினால் பள்ளம் விழும். அதை மேலெழுப்பப் பின்புறம் சுத்தியலால் தட்டுவர். அத்தடம் தாளில் பதிவதில்லை, தகட்டில் மட்டுமே எஞ்சும். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோர் மூடிவிடுவது அந்தப் பக்கத்தைத்தான்.