நேருக்கு நேர் மோதிய துகள்கள்: புரூனோ டூஷெக்



அண்மையில் அறிவியல் பாடத்தின்போது மேசைமீது இரண்டு கோலிகளை உருட்டிக் காட்டினேன். நின்றிருந்த கோலியை மற்றொன்று இடித்தபோது அது முன்னோக்கி ஓடியது. இரண்டையும் எதிரெதிரே உருட்டியபோதோ ஓசை பலமாகக் கேட்டது. “ஏன் ஐயா?” என்றான் ஒரு மாணவன். அக்கேள்வி எனக்கு ஓர் இயற்பியலாளரை நினைவூட்டியது. அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

புரூனோ டூஷெக் 1921-இல் வியன்னாவில் பிறந்தவர். தாயார் யூதர். ஆதலால் நாஜி ஆட்சியில் 1940-இல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். ஜெர்மனிக்குச் சென்று, ரோல்ஃப் விடரோ என்னும் நார்வே நாட்டு அறிஞரின் துகள்முடுக்கிப் பணியில் சேர்ந்தார். துகள்களை எதிரெதிரே மோதவிடும் எண்ணத்திற்கு விடரோ 1943-இலேயே காப்புரிமை கோரியிருந்தார்.

1945-இல் கெஸ்டாப்போ காவலர்கள் டூஷெக்கைக் கைது செய்தனர். கைதிகளைக் கீல் நகரை நோக்கி நடத்திச் சென்றபோது, நோயுற்றிருந்த அவர் வழியில் விழுந்தார். காவலன் ஒருவன் அவரைச் சுட்டான். காதருகே காயம்பட்டுக் கிடந்தவரை இறந்துவிட்டதாக எண்ணி விட்டுச் சென்றனர். அவர் பிழைத்தார்.

போருக்குப்பின் கிளாஸ்கோவில் முனைவர் பட்டம் பெற்று, 1952-இல் ரோம் நகருக்கு வந்தார். 1960 மார்ச் 7-ஆம் நாள், அருகிலுள்ள பிராஸ்காட்டி ஆய்வுக்கூடத்தில் தம் திட்டத்தை எடுத்துரைத்தார். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் எதிரெதிர் மின்னூட்டம் உடையவை. ஆகவே, ஒரே காந்தப்புலத்தில் ஒரே வளையத்திற்குள் அவை எதிரெதிர்த் திசைகளில் சுற்றும். சந்திக்கும் இடத்தில் மோதும்.

இதன் பயன் பெரிது. நிற்கும் இலக்கில் மோதினால் ஆற்றலின் பெரும்பகுதி முன்னோக்கிய ஓட்டத்திலேயே போய்விடும். 250 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரண்டு துகள்கள் எதிரெதிரே மோதினால் 500 முழுவதும் பயன்படும். நிற்கும் எலெக்ட்ரானில் மோதி அதே பயனைப் பெற, ஒரு பாசிட்ரானுக்கு ஏறத்தாழ 2,45,000 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும்!

ஓராண்டுக்குள் ‘அடா’ என்னும் வளையம் உருவாயிற்று. துகள்கள் சுற்றும் பாதை ஏறத்தாழ 4 மீட்டரே. 1961 பிப்ரவரியில் துகள்கள் அதில் தேங்கின. எனினும் எண்ணிக்கை போதவில்லை. எனவே 1962-இல் வெற்றிடம் கெடாதவாறு பம்புகளை மின்கலங்களால் இயக்கியபடியே, வளையத்தை லோரியில் ஏற்றிப் பாரிசுக்கு அருகிலுள்ள ஓர்சேக்குக் கொண்டுசென்றனர். அங்கே புதுச் சிக்கல் எழுந்தது. துகள்களைக் கூட்டக் கூட்ட, ஒரே கூட்டத்திலுள்ளவை தம்முள் இடித்துக்கொண்டு விரைந்து அழிந்தன. காரணத்தை டூஷெக்கே கண்டறிந்தார். இன்றும் அது ‘டூஷெக் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது. மோதல்கள் நிகழ்ந்தமைக்கான சான்று 1964-இல் வெளியாயிற்று.

பிராஸ்காட்டியில் 1969-இல் ‘அடோனே’ என்னும் பெரிய வளையம் இயங்கத் தொடங்கியது. அதன் எல்லை 3,000 மெகா எலெக்ட்ரான் வோல்ட். 1974 நவம்பரில் அமெரிக்காவில் ரிக்டர் குழுவும் டிங் குழுவும் ஒரு புதிய துகளை அறிவித்தன. அது இருந்த இடமோ 3,100! செய்தியறிந்த இத்தாலியர்கள் வளையத்தை எல்லை மீறி இயக்கிச் சில நாள்களில் அதனைக் கண்டனர். ஆனால் முதன்மை கைநழுவிவிட்டது. 1976-இல் நோபல் பரிசு ரிக்டருக்கும் டிங்குக்கும் கிடைத்தது. ரிக்டர் பயன்படுத்தியதும் எலெக்ட்ரான்–பாசிட்ரான் வளையமே என்பது குறிப்பிடத்தக்கது. டூஷெக் 1978-இல், 57-ஆம் வயதில் மறைந்தார்.

ஜெனிவா அருகே 27 கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் எதிரெதிரே சுற்றின. அதே சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு 2012-இல் ஹிக்ஸ் துகளைக் கண்டனர்.

பரிசு பெற்றோர் பெயர்களை நம் மாணவர்கள் மனனம் செய்கின்றனர். அது தவறன்று. ஆயினும், 4 மீட்டர் வளையத்தில் வழி திறந்தவரின் பெயரையும் சொல்லிக்கொடுப்பது நம் கடமை என்று கருதுகிறேன். மறுநாள் வகுப்பில் அம்மாணவனுக்கு அதைத்தான் சொன்னேன்.