கலத்துள் மறைந்துறையும் கிருமி

சலக்கடுப்புக்கு மருந்துண்டு சுகங்கண்டவர் சில வாரங்களில் அதே நோயால் மீண்டும் வருந்துதல் நாம் அறியாததன்று. மருந்து பொய்த்தது என்பார் சிலர். உடல்வாகு என்பார் வேறு சிலர். கிருமி நமது உடற்கலங்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்திருக்கவுங் கூடும் என்பது அறிவியல் தரும் மூன்றாவது விடை. இவ்விடை உருவான வரலாற்றையும், அது நமது கீழ்க்கரை வேளாண் மக்களைத் தொடுமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1882ஆம் ஆண்டில் ருசிய அறிஞர் மெச்னிக்கோவ் இத்தாலியின் மெசீனா நகரில் நட்சத்திரமீனின் குடம்பியுள் முள்ளொன்றைச் செலுத்தி, நடமாடுங் கலங்கள் அதனைச் சூழ்ந்துகொள்ளக் கண்டார். கிருமிகளை விழுங்கி அழிக்கும் தின்குழியங்கள் பற்றிய கொள்கை இதினின்றும் வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயினும், விழுங்கப்பட்ட கிருமிகளெல்லாம் மடிவதில்லை. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் தம்மை விழுங்கிய கலத்தையே உறைவிடமாக்கிக் கொள்வன.

இவ்வினத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி நமக்கு மிக அணித்தாயுள்ளது. 1911ஆம் ஆண்டில் இரங்கூன் நகரில் பிணவாய்வு செய்த அல்பிரட் விற்மோர், மோர்பியாவை ஊசியால் ஏற்றிவந்த வறியோரின் ஈரலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகளைக் கண்டார். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயை அவை ஒத்திருந்தன, கிருமியோ வேறாயிருந்தது. அவரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் 1912இல் இதனை வெளியிட்டனர். நோய்க்கு ‘விற்மோர் நோய்’ என்னும் பெயரும் வழங்கிற்று. உடனுழைத்த கிருஷ்ணசுவாமியின் பெயரோ அதில் இடம்பெறவில்லை. 1921இல் மலாயாவில் ஆய்வு நிகழ்த்திய ஸ்ரான்ரனும் பிளெச்சரும் ‘மெலியோயிடோசிஸ்’ என்று அதற்குப் பெயரிட்டனர்.

இலங்கையில் முதன்முதல் 1927இல், ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவரிடம் இந்நோய் அறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சிற்சில குறிப்புக்களேயன்றி வேறில்லை. நோய் இல்லாமையால் அன்று; தேடுவார் இல்லாமையாலேயே அது மறைந்திருந்தது. 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எனோகா கொரேயா முதலியோர் முறையாகத் தேடியபோது நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் வெளிப்பட்டனர். மட்டக்களப்பும் அந்நோய் காணப்பட்ட இடங்களுள் ஒன்று. அம்பாறை மாவட்டமாக 1961இல் பிரிக்கப்படுமுன் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளும் மட்டக்களப்பு மாவட்டத்தினவே என்பதை நினைவிற் கொள்க.

இக்கிருமி சேற்றிலும் நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் சிறு காயத்தின் வழியே உட்புகும். தின்குழியம் அதனை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்தவுடன், பையைக் கிழித்து வெளியேறிக் குழியவுருவிற் பெருகும். பின்னர் அக்கலத்தின் அக்ரின் என்னும் புரத இழைகளையே வாலாகத் திரித்து உந்திச் சென்று, பக்கத்துக் கலங்களை ஒன்றாய் இணைத்துப் பரவும். கலத்தை விட்டு வெளிவராதே இடம் பெயர்வதால், குருதியில் உலவும் எதிர்ப்புப் பொருள்கள் அதனை எளிதில் எட்டா. நீரிழிவாளரை இது பெரிதும் பற்றும். ஆடவரின் புரொஸ்டேட் சுரப்பியிலும் கட்டியாய்த் தங்கிச் சலத்தடையை உண்டாக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகளின் பின் இந்நோய் தோன்றியதாக 2005இல் அறிவிக்கப்பட்டது.

சலக்கடுப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது 1885இல் எஷெரிக் கண்டறிந்த குடற்கிருமி. அது கலத்துக்கு வெளியே வாழ்வதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் ஹல்ற்கிரன் குழுவினர், சிறு மயிர்போன்ற இழைகளாற் பற்றிக்கொண்டு அது எலியின் சலப்பைக் கலங்களுட் புகுதலை 1998இல் விளக்கினர். ஆங்கு அது திரளாய்ப் பெருகுதலை 2003இற் காட்டினர். 2007இல் நோயுற்ற பெண்களின் சலத்திலும் அத்தகைய திரள்களின் அடையாளங் கண்டனர். சில கிருமிகள் பெருகாது உறங்கியிருந்து, பின்னர் எழுவதும் எலிகளில் அறியப்பட்டது. மீண்டும் வருஞ் சலக்கடுப்பு அனைத்தும் இவ்வாறு வருவதன்று. புதிதாகத் தொற்றுவதும் உண்டு.

இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே: நோய்க்குறி அடங்குதல் வேறு, நோய் நீங்குதல் வேறு. மெலியோயிடோசிசுக்கு முதற்கண் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசிமருந்தும், அதன்பின் ஏறக்குறைய 3 மாதம் வாய்வழி மருந்தும் வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன், பெரும்போக வேலை காத்திருக்கிறதென்று எஞ்சிய மாத்திரையைத் தட்டிற் போடும் தந்தையர் நம் மாணவர் வீடுகளில் இருத்தல் கூடும். அவர்க்கு இதனை எடுத்துரைக்க வல்லவர் அவ்வீட்டில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகளே. சேற்றில் இறங்கும் நீரிழிவாளர் காலணி அணிதலும், காயத்தை மூடுதலும், நீடித்த காய்ச்சலுக்கு வைத்தியரை நாடித் தாம் வயலில் உழைப்பவர் என்று சொல்லுதலும் செய்தல் வேண்டும். அவ்வொரு சொல் வைத்தியரைச் சரியான சோதனைக்கு வழிப்படுத்தும். தேடாதவர்க்கு எண்பதாண்டு ஒளிந்திருந்த நோய், தேடியவர்க்குச் சில ஆண்டுகளில் அகப்பட்டதன்றோ?