கம்ப்யூட்டருக்குள் கொரிய எழுத்து நுழைந்த கதை

கொரிய மன்னர் சேஜோங் 1443ஆம் ஆண்டில் ஒரு புதிய எழுத்துமுறையை உருவாக்கி, 1446இல் மக்களுக்கு அறிவித்தார். சீன எழுத்துக்களைக் கற்க வழியில்லாத சாதாரண ஜனங்களும் எழுதப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அந்த எழுத்துமுறைதான் இன்றைய ஹங்குல்.

ஹங்குலில் அடிப்படை எழுத்துக்கள் குறைவுதான். ஆனால் அவற்றை வரிசையாக எழுதிக்கொண்டே போவதில்லை. முதலில் ஒரு மெய், நடுவில் ஒரு உயிர், தேவைப்பட்டால் கடைசியில் இன்னொரு மெய் என ஒரே கட்டத்துக்குள் அடுக்கி ஓர் அசையாக எழுதுவார்கள். முதலிடத்துக்கு 19, நடுவுக்கு 21, கடைசிக்கு 27. கடைசி மெய் இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 11,172 அசைகள்!

இத்தனையையும் கம்ப்யூட்டரில் எப்படி அடக்குவது? இதில் இரண்டு கட்சிகள் உருவாயின.

முதலாவது 'ஜோஹப்', அதாவது சேர்த்து எழுதும் முறை. அசையின் மூன்று பகுதிகளுக்கும் தலா 5 பிட். 5 பிட்டில் 32 எண்கள் கிடைக்கும் என்பதால் தாராளமாகப் போதும். கொரிய எழுத்து என்று அடையாளம் காட்ட இன்னொரு பிட். ஆக மொத்தம் 16 பிட், இரண்டே பைட். எல்லா அசைகளும் அடங்கிவிடும்.

இரண்டாவது 'வான்சோங்'. முழுதாக அமைந்த ஒவ்வொரு அசைக்கும் ஒரு தனி எண். 1987இல் கொரிய அரசு தனது தரநிர்ணயத்தில் இதைத்தான் ஏற்றது. ஆனால் அன்றைய சர்வதேச விதிப்படி 94 வரிசை, 94 பத்தி. மொத்தம் 8,836 இடங்கள் மட்டுமே. அதிலும் 4,888 இடங்கள் சீன எழுத்துக்களுக்கும் 986 இடங்கள் குறியீடுகளுக்கும் போயின. கொரிய அசைகளில் அதிகம் புழங்கும் 2,350க்கு மட்டும் இடம் கிடைத்தது. மீதி 8,822 வெளியே நின்றன.

விளைவு? 1990இல் வந்த 'தோம்பாங் கக்ஹா' என்ற தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் முதல் அசையே பட்டியலில் இல்லை! அரிய அசையைப் பெயரில் வைத்திருந்தவர்களால் சொந்தப் பெயரையே சரியாக டைப் செய்ய முடியவில்லை. எளிய மக்களுக்காகப் பிறந்த எழுத்துக்கு இப்படி ஒரு நிலை.

எதிர்ப்பு வலுக்க, 1992இல் ஜோஹப்பும் அரசுத் தரத்தில் இணைப்பாகச் சேர்ந்தது. விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் விடுபட்ட 8,822 அசைகளையும் காலியிடங்களில் நிரப்பியது. ஆனால் அகரவரிசை குலைந்தது.

யூனிகோடும் தடுமாறியது. 1993இன் 1.1 பதிப்பில் இருந்தவை 6,656 அசைகள். 1996இல் 2.0 பதிப்பு அவற்றை நீக்கிவிட்டு, 11,172 அசைகளையும் வேறோர் இடத்தில் அகரவரிசையில் வைத்தது. பழைய எண்களில் சேமித்தவை பயனற்றுப் போயின. அதன்பின், ஒருமுறை இடம் தந்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்று யூனிகோட் உறுதி எடுத்தது.

இன்று கொரிய அசையின் எண்ணைக் கண்டுபிடிக்க அட்டவணையே வேண்டாம், கணக்குப் போதும். முதல் மெய்யின் வரிசை எண்ணை 588ஆலும், உயிரின் எண்ணை 28ஆலும் பெருக்கி, கடைசி மெய்யின் எண்ணோடு 44,032ஐக் கூட்ட வேண்டும். 'ஹன்' என்ற அசைக்கு 18, 0, 4. விடை 54,620.

சேஜோங் அறிவித்த 1446க்கும் இந்த 1996க்கும் இடையே சரியாக 550 ஆண்டுகள். அவருடைய எழுத்து முழுவதும் உலகக் கம்ப்யூட்டர்களில் ஒழுங்காக அமர அத்தனை காலம் ஆனது.